இல்லப் பராமரிப்புச் சேவைகளில் பாதுகாப்பும் மேலாண்மைத் தரங்களும்

இல்லப் பராமரிப்புச் சேவை என்பது நோயாளிகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்குத் தேவைப்படும் மருத்துவ, செவிலிய, அன்றாட உதவிகளை அவர்கள் வாழும் வீட்டிலேயே வழங்கும் முறையாகும். இச்சேவையின்போது நோயாளிக்கும் பணியாளருக்கும் தீங்கு நேராமல் காக்கும் விதிகள் பாதுகாப்புத் தரங்கள் எனப்படுகின்றன. பணியாளர் தேர்வு, பயிற்சி, பதிவேடு, மேற்பார்வை, அவசர ஏற்பாடு ஆகியவற்றை முறைப்படுத்தும் விதிகள் மேலாண்மைத் தரங்கள் எனப்படுகின்றன.

மருத்துவமனையில் ஒரு நோயாளியை ஒரே நாளில் பலர் பார்க்கின்றனர். ஒருவர் செய்யும் பிழையை மற்றொருவர் கண்டு திருத்த வாய்ப்புண்டு. வீட்டில் பெரும்பாலும் ஒரே ஒரு பணியாளர் மட்டுமே இருப்பார். அவர் செய்ததும் செய்யத் தவறியதும் எழுதி வைக்கப்பட்டாலன்றிப் பிறருக்குத் தெரிய வழியில்லை. இக்காரணத்தால் இல்லப் பராமரிப்பில் பாதுகாப்பு என்பது மேலாண்மையைச் சார்ந்தே அமைகின்றது. இக்கட்டுரை தமிழ்நாட்டில், குறிப்பாகத் திண்டுக்கல் நகரிலும் அதைச் சூழ்ந்த சமவெளிப் பகுதியிலும் இத்தரங்கள் பொருந்தும் விதத்தை விளக்குகின்றது.

வகைகள்

இல்லப் பராமரிப்பைப் பொதுவாக நான்கு வகைகளாகப் பிரிக்கலாம்.

- அன்றாட உதவி: குளிப்பாட்டுதல், உணவூட்டுதல், உடை மாற்றுதல், நடக்க உதவுதல்.
- செவிலியப் பராமரிப்பு: புண்ணுக்குக் கட்டுப் போடுதல், ஊசி மருந்து செலுத்துதல், சிறுநீர்க் குழாய், உணவுக் குழாய் ஆகியவற்றைப் பேணுதல்.
- இயன்முறை சிகிச்சை: பக்கவாதம், எலும்பு முறிவு முதலியவற்றுக்குப் பின் உடல் இயக்கத்தை மீட்கும் பயிற்சிகள்.
- நோய் ஆதரவு சிகிச்சை: புற்றுநோய் போன்ற கடும் நோய்களில் வலியையும் பிற துன்பங்களையும் தணித்தல்.

முதல் வகையை முறையான பயிற்சி பெற்ற உதவியாளர் செய்யலாம். ஏனைய மூன்றுக்கும் உரிய கல்வியும் பதிவும் தேவை. இவ்வேறுபாடு மறக்கப்படும் இடத்திலேயே பல விபத்துகள் தோன்றுகின்றன.

வரலாறு

வீடு தேடிச் செல்லும் செவிலியப் பணி ஒழுங்கமைந்த சேவையாக 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருப்பெற்றது. 1859இல் லிவர்பூல் நகரில் வில்லியம் ராத்போன் என்ற வணிகர், ஏழை நோயாளிகளை அவர்களது வீடுகளில் பார்க்க ஒரு செவிலியரைப் பணியமர்த்தினார். இதுவே மாவட்டச் செவிலியர் முறைக்கு வித்திட்டது.

திண்டுக்கல் பகுதியில் ஊரக நலவாழ்வுப் பணியின் முதன்மையான மையம் காந்திகிராமம் ஆகும். மருத்துவர் தி. சு. சௌந்தரம், அவரது கணவர் ஜி. இராமச்சந்திரன் ஆகியோர் 1947இல் சின்னாளபட்டிக்கு அருகே இதனை நிறுவினர். இங்குள்ள கஸ்தூரிபா மருத்துவமனை தாய் சேய் நலத்தில் நீண்ட காலமாகப் பணியாற்றி வருகின்றது. 1964இல் தொடங்கப்பட்ட காந்திகிராம ஊரக நலவாழ்வு மற்றும் குடும்பநல நிறுவனம், ஊரக நலப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்து வந்துள்ளது.

அண்டை மாநிலமான கேரளத்தில், 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலிதணிப்புச் சங்கமும், 1990களின் இறுதியில் மலப்புறம் மாவட்டத்தில் உருவான அண்டை அயலார் வலைப்பின்னலும் வீட்டை மையமாகக் கொண்ட நோய் ஆதரவு சிகிச்சையைப் பரப்பின. 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டது. இந்தியாவில் இத்தகைய கொள்கையை முதலில் வகுத்த மாநிலம் கேரளம் ஆகும்.

தமிழ்நாட்டில் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் ஆகஸ்ட் 5, 2021 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதலமைச்சர் மு. க. ஸ்டாலினால் தொடங்கி வைக்கப்பட்டது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கான மருந்துகளை வீட்டிலேயே வழங்குதல், இயன்முறை சிகிச்சை, நோய் ஆதரவு சிகிச்சை, சிறுநீரகம் செயலிழந்தோருக்கு வயிற்றறைவழிக் கூழ்மப்பிரிப்புக்கான பைகள் அளித்தல் ஆகியன இதன் கூறுகளாக அமைந்தன. 2024 செப்டம்பரில் தொற்றாநோய்களுக்கான ஐக்கிய நாடுகள் அவையின் முகமைகளிடைப் பணிக்குழு இத்திட்டத்திற்கு விருது வழங்கியது.

திண்டுக்கல் பகுதியின் சூழல்

திண்டுக்கல் மாவட்டம் 1985இல் மதுரை மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தின் மக்கள்தொகை 21,59,775. திண்டுக்கல் நகரம் 2014இல் மாநகராட்சியானது. அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்து வைக்கப்பட்டது.

தமிழ்நாடு முதியோர் விகிதம் மிகுந்த மாநிலங்களுள் ஒன்று. 2021ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி, 60 வயதைக் கடந்தோர் மாநில மக்கள்தொகையில் 13.6 விழுக்காட்டினர். திண்டுக்கல் சமவெளியில் நூற்பாலை, தோல் பதனிடுதல், பூட்டுத் தொழில், சின்னாளபட்டியின் நெசவு, காய்கறி மற்றும் பூ வேளாண்மை ஆகியன வாழ்வாதாரங்களாக உள்ளன. கூலி வேலைக்கோ ஆலைக்கோ செல்லும் குடும்பங்களில் காலை முதல் மாலை வரை நோயாளி தனித்திருக்கும் நிலை ஏற்படக்கூடும். எனவே பராமரிப்புத் திட்டம் வகுக்கும்போது, "வீட்டில் யார் இருக்கிறார்கள்" என்பதோடு "எந்த நேரத்தில் ஒருவரும் இருப்பதில்லை" என்பதையும் கேட்டறிவது அவசியமாகும்.

இப்பகுதியின் பிற சூழல்களும் கருத்தில் கொள்ளத்தக்கவை. கோடையில் வெப்பம் மிகுவதால் மருந்துகள் கெடும் வாய்ப்பு உண்டு. நீர்த் தட்டுப்பாடுள்ள நாட்களில் கை கழுவுதலே கடினமாகின்றது. கழிவறை வீட்டிற்கு வெளியே இருந்தால், இரவில் வாசற்படி தாண்டிச் செல்லும் முதியோர் தடுக்கி விழக்கூடும். மின்தடை, ஆக்சிசன் செறிவூட்டி போன்ற கருவிகளை நம்பியிருப்போருக்கு உயிர் அச்சுறுத்தலாகும்.

பாதுகாப்புத் தரங்கள்

கைத்தூய்மை

உலக சுகாதார அமைப்பு 2009இல் வெளியிட்ட வழிகாட்டி, பணியாளர் கைகளைத் தூய்மை செய்ய வேண்டிய ஐந்து தருணங்களைக் குறிப்பிடுகின்றது: நோயாளியைத் தொடும் முன், தூய்மையான செயல்முறை ஒன்றைச் செய்யும் முன், உடல் நீர்மங்கள் பட்டிருக்கக்கூடிய நிலையில், நோயாளியைத் தொட்ட பின், நோயாளியைச் சூழ்ந்துள்ள பொருட்களைத் தொட்ட பின். சோப்பும் நீரும் கொண்டு கழுவ 40 முதல் 60 நொடிகளும், ஆல்ககால் கலந்த கைத்தேய்ப்பான் பயன்படுத்த 20 முதல் 30 நொடிகளும் ஆகும். குழாய் நீர் இல்லாத வீடுகளில் மற்றொருவர் குவளையால் நீர் ஊற்ற, பணியாளர் கை கழுவலாம். குடத்தினுள் கையை விட்டுக் கழுவுதல் நீரை மாசுபடுத்தும். கையில் அழுக்கு கண்ணுக்குத் தெரியுமாயின் கைத்தேய்ப்பான் போதாது.

மருந்துப் பாதுகாப்பு

வீட்டில் நிகழும் மருந்துப் பிழைகளுள் இன்சுலின் தொடர்பானவை ஆபத்து மிக்கவை. இந்தியாவில் குப்பிகளில் கிடைக்கும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகு செறிவுடையது. 100 அலகு செறிவுடையதும் விற்பனையில் உள்ளது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஊசிக்குழல் உண்டு. 40 அலகுக்குரிய குழலில் 100 அலகு மருந்தை எடுத்து 10 என்ற குறிவரை நிரப்பினால், உடலுக்குள் செல்வது 25 அலகாகும். இரண்டரை மடங்கான இந்த அளவு இரத்தச் சர்க்கரையை அபாயகரமாகக் குறைத்துவிடும். ஆகவே குப்பியில் உள்ள எண்ணும் குழலில் உள்ள எண்ணும் ஒன்றாக உள்ளனவா என்று ஒவ்வொரு முறையும் பார்ப்பது அடிப்படை விதியாகும்.

திறக்கப்படாத இன்சுலின் 2 முதல் 8 பாகை செல்சியசில் வைக்கப்பட வேண்டும், உறையக் கூடாது. பயன்பாட்டில் உள்ள குப்பியை, வகையைப் பொறுத்து, 25 அல்லது 30 பாகைக்கு மிகாத இடத்தில் ஏறத்தாழ நான்கு வாரங்கள் வைத்திருக்கலாம். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடுகளில், நீர் புகாத உறையிலிட்ட குப்பியை ஈரமான மண்பானைக்குள் நிழலில் வைக்கும் முறை கையாளப்படுகின்றது. வறண்ட காற்றுள்ள பகுதிகளில் நீர் ஆவியாவதால் பானை நன்கு குளிர்கின்றது.

சர்க்கரை அளவு ஒரு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கினால், நினைவுடன் உள்ள நோயாளிக்கு 15 கிராம் அளவு சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடங்களுக்குப் பின் மீண்டும் அளக்க வேண்டும். நினைவிழந்தவருக்கு வாய் வழியாக எதையும் கொடுத்தல் கூடாது. விரலில் குத்தும் ஊசியை ஒருவருக்கு மேல் பயன்படுத்தினால் கல்லீரல் அழற்சி பி போன்ற நோய்கள் பரவும். ஒரே நாளில் பல வீடுகளுக்குச் செல்லும் பணியாளருக்கு இவ்விதி மிக முக்கியமானது.

கடும் வலிக்கு அளிக்கப்படும் மார்பின், போதைப்பொருள் மற்றும் உளவெறியூட்டும் பொருட்கள் சட்டம் 1985இன் கீழ் வருகின்றது. 2014இல் செய்யப்பட்ட திருத்தம் மருத்துவத் தேவைக்கு இதனைப் பெறுவதை எளிதாக்கியது. வீட்டில் இம்மருந்தைப் பூட்டி வைத்தல், எண்ணிக்கையைக் குறித்தல், நோயாளி இறந்த பின் எஞ்சியதை வழங்கிய மையத்திடமே திருப்பி அளித்தல் ஆகியன கடைப்பிடிக்க வேண்டியவை.

படுக்கையில் இருப்போர்

அசைய இயலாதவரின் உடலில் எலும்பு துருத்தி நிற்கும் இடங்களில் இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் படுக்கைப்புண் உண்டாகின்றது. இடுப்பின் பின்புறம், குதிகால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு ஆகியன முதலில் பாதிக்கப்படும் இடங்களாகும். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தல் வழக்கமான தடுப்பு முறை. அழுத்தியும் மறையாத சிவப்பு அல்லது கருமை, புண்ணின் முதல் நிலையாகும். இந்நிலையில் கண்டறிந்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

மூக்கு வழி உணவுக் குழாய் உள்ளவருக்குத் தலைப்பகுதியை 30 முதல் 45 பாகை உயர்த்திய நிலையிலேயே உணவு செலுத்த வேண்டும். தட்டையாகப் படுத்திருந்தால் உணவு நுரையீரலுக்குள் செல்லும் அபாயம் உண்டு. சிறுநீர்ப் பை எப்போதும் சிறுநீர்ப்பையின் மட்டத்திற்குக் கீழே தொங்க வேண்டும். தரையில் படக் கூடாது.

கருவிகள்

ஆக்சிசன் பயன்படுத்தும் அறையில் புகைபிடித்தல் கூடாது. அடுப்பு, பூசை விளக்கு, ஊதுபத்தி ஆகியவற்றைக் குறைந்தது 3 மீட்டர் தொலைவிலாவது வைக்க வேண்டும். மின்தடைக்கு மாற்றாக உருளை ஒன்று தயாராக இருத்தல் நன்று. வயிற்றறைவழிக் கூழ்மப்பிரிப்பு செய்யும் வீடுகளில் நீர்மம் பொதுவாக நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு முறை மாற்றப்படுகின்றது. ஒவ்வொரு முறையும் கதவை மூடி, மின்விசிறியை நிறுத்தி, முகக்கவசம் அணிந்து செய்யாவிடில் வயிற்றுறையில் தொற்று ஏற்படக்கூடும். வெளியேறும் நீர்மம் கலங்கியிருப்பது அத்தொற்றின் முதல் அடையாளமாகும்.

கழிவு அகற்றல்

உயிர் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் 2016, கழிவுகளை நிறங்களின்படி பிரிக்கின்றன. இரத்தம் தோய்ந்த துணி, பஞ்சு ஆகியன மஞ்சள் நிறப் பையிலும், குழாய், சிறுநீர்ப் பை போன்ற நெகிழிகள் சிவப்பு நிறப் பையிலும், ஊசி முதலிய கூரிய பொருட்கள் துளைக்க முடியாத வெண்ணிறக் கலனிலும், கண்ணாடி நீல நிறக் கலனிலும் சேர்க்கப்படுகின்றன. வீடுகளில் உண்டாகும் மருத்துவக் கழிவையும் பிரித்துத் தனியே ஒப்படைக்க வேண்டும் என்பது இவ்விதிகளின் கருத்து. ஊசியைக் குப்பைத்தொட்டியில் போடுவதால் பாதிக்கப்படுபவர் தூய்மைப் பணியாளரே ஆவார். எனவே வீட்டில் பயன்படுத்திய ஊசிகளைச் சேவை வழங்குவோரே திரும்ப எடுத்துச் செல்வது சிறந்த நடைமுறையாகும்.

பணியாளர் பாதுகாப்பு

- பணியில் சேரும் முன் கல்லீரல் அழற்சி பி தடுப்பூசி மூன்று தவணைகளாக (0, 1, 6 மாதங்கள்) அளிக்கப்பட வேண்டும்.
- ஊசி குத்திவிட்டால் அவ்விடத்தைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவ வேண்டும், பிதுக்கக் கூடாது. எச்ஐவி தடுப்பு மருந்து தேவைப்படின் இயன்ற விரைவில், 72 மணி நேரத்துக்குள் தொடங்கப்பட வேண்டும்.
- நோயாளியைத் தனியே தூக்குதல் முதுகுக் காயங்களுக்குக் காரணமாகின்றது. ஒருவர் தாங்கும் எடை 16 கிலோகிராமுக்கு மிகலாகாது என்பது அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனத்தின் பரிந்துரை.
- பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013, வீட்டையும் பணியிடமாகக் கொள்கின்றது. உள்ளகக் குழு இல்லாத நிலையில் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் முறையிடலாம்.

மேலாண்மைத் தரங்கள்

பணி எல்லை

பேச்சு வழக்கில் வீட்டில் நோயாளியைக் கவனிக்கும் எவரும் "ஹோம் நர்ஸ்" என்று அழைக்கப்படுகின்றனர். செவிலியர் என்பவர் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு பெற்றவர். பதிவு பெறாத உதவியாளர் ஊசி போடுதல், குழாய் பொருத்துதல் ஆகியவற்றைச் செய்யலாகாது. சேவையை அமர்த்தும் குடும்பத்தினர் பதிவு எண்ணைக் கேட்டறிவதும், செய்ய வேண்டிய பணிகளையும் செய்யக் கூடாத பணிகளையும் தொடக்கத்திலேயே எழுத்தில் பெறுவதும் நன்று. உதவியாளருக்கும் இவ்வெழுத்து காப்பாகும். தமக்குத் தெரியாத பணியைச் செய்யுமாறு வற்புறுத்தப்படும்போது அதனைக் காட்டி மறுக்கலாம்.

பராமரிப்புத் திட்டமும் குறிப்பேடும்

முதல் வருகையில் நோயாளியின் நிலை, வீட்டின் அமைப்பு, உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தும், உடனிருப்போர் ஆகியன மதிப்பிடப்பட்டு ஒரு திட்டம் எழுதப்படுகின்றது. இதற்கு நோயாளியின் இசைவு பெறப்பட வேண்டும். குறிப்பேடு நோயாளியின் வீட்டிலேயே இருத்தல் வேண்டும். ஒவ்வொரு வருகையிலும் பின்வருவன எழுதப்படுகின்றன:

1. நாள், வந்த நேரம், சென்ற நேரம், பணியாளரின் பெயர்.
2. நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், வெப்பநிலை முதலிய அளவீடுகள்.
3. கொடுத்த மருந்து, அளவு, நேரம்.
4. தோலின் நிலை, உணவு, சிறுநீர், மலம்.
5. கண்ட மாற்றம், யாருக்குத் தெரிவிக்கப்பட்டது.
6. அடுத்த வருகையின் நாள்.

வருகை நாட்களை முன்கூட்டியே வரையறுப்பதற்குத் தேசிய அளவில் 2011இல் தொடங்கிய வீடுசார் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு நல்ல எடுத்துக்காட்டாகும். மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் வீட்டில் சென்று பார்க்க வேண்டும் என்று அதில் வகுக்கப்பட்டுள்ளது. எந்த வருகை தவறியது என்பதை இத்தகைய அட்டவணையால் எவரும் அறிய முடிகின்றது.

பணிச்சுமை

திண்டுக்கல் மாவட்டத்தில் 14 ஊராட்சி ஒன்றியங்கள் உள்ளன. ஒரு செவிலியர் நாளொன்றுக்கு ஆறு வீடுகள் வீதம் மாதத்தில் 25 நாட்கள் பணியாற்றுவதாகக் கொண்டால், 150 வருகைகள் இயலும். மாதம் ஒருமுறை மட்டும் பார்த்தால் 150 நோயாளிகள். வாரம் ஒருமுறை பார்க்க வேண்டியவர்களாயின் ஏறத்தாழ 37 நோயாளிகள் மட்டுமே. நோயாளிகளின் எண்ணிக்கையை மட்டும் இலக்காக வைத்தால், வருகையின் நேரம் குறைந்து, புண்ணைத் திறந்து பார்க்காமலேயே குறிப்பெழுதும் நிலை உருவாகும். எனவே நோயின் கடுமைக்கேற்ப வருகை இடைவெளியை வகைப்படுத்துதல் மேலாண்மையின் முதற்பணியாகும்.

மேற்பார்வையும் நிகழ்வு அறிக்கையும்

மேற்பார்வையாளர் முன்னறிவிப்பின்றிச் சில வீடுகளுக்குச் சென்று, குறிப்பேட்டில் உள்ளதையும் நோயாளியின் நிலையையும் ஒப்பிடுதல் வேண்டும். கீழே விழுதல், மருந்துப் பிழை, புதிய படுக்கைப்புண், ஊசி குத்துதல் ஆகிய நான்கும் கட்டாயம் அறிக்கையிடப்பட வேண்டிய நிகழ்வுகள். அறிக்கை அளித்தவரைத் தண்டித்தால் அடுத்த பிழை மறைக்கப்படும். ஆதலால் காரணத்தை ஆராய்தல் தண்டனையிலிருந்து பிரித்து வைக்கப்படுகின்றது. வேண்டுமென்றே செய்யும் தீங்கு, திருட்டு, வன்முறை ஆகியன இதற்கு விலக்கு.

அவசர நிலை

முகத்தின் ஒரு பக்கம் கோணுதல், மூச்சுத் திணறல், மார்பு வலி, நினைவிழத்தல், நிற்காத இரத்தப்போக்கு ஆகியவற்றில் காத்திருக்காமல் 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். தமிழ்நாட்டில் இச்சேவை 2008 முதல் இயங்குகின்றது. முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. வீட்டின் முகவரியையும் அருகிலுள்ள அடையாளத்தையும் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி வைத்தல், பதற்றத்தில் பேசுவோருக்கு உதவும்.

சட்ட நிலை

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007, முதியோரைப் பேணும் கடமையைப் பிள்ளைகள் மீதும், சொத்துக்கு உரிமையாகும் உறவினர் மீதும் சுமத்துகின்றது. இல்லப் பராமரிப்பு வழங்கும் நிறுவனங்களைப் பற்றி இதில் விதிகள் இல்லை. இக்குறையை நீக்கும் வகையில் 2019 டிசம்பரில் மக்களவையில் ஒரு திருத்த முன்வரைவு அறிமுகப்படுத்தப்பட்டது. இல்லப் பராமரிப்பு நிறுவனங்கள் பதிவு செய்யப்பட வேண்டும், குறைந்தபட்ச நியமங்களைப் பின்பற்ற வேண்டும், பணியாளர்கள் பயிற்சி பெற்றவர்களாகவும் காவல்துறையால் சரிபார்க்கப்பட்டவர்களாகவும் இருக்க வேண்டும் என்பன அதன் கூறுகளாகும். 2024இல் 17ஆவது மக்களவை கலைக்கப்பட்டபோது இம்முன்வரைவு காலாவதியானது.

கட்டணம் பெறும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்திற்கு உட்பட்டது என 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே கட்டணச் சேவையில் குறைபாடு நேர்ந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். அவ்வாறு அணுகும்போது குறிப்பேடும் எழுத்து ஒப்பந்தமுமே முதன்மைச் சான்றுகளாகின்றன.

பிற நாடுகளில்

இங்கிலாந்தில் பராமரிப்புத் தரங்கள் சட்டம் 2000 இல்லப் பராமரிப்பு முகமைகளை ஒழுங்குமுறைக்குள் கொண்டுவந்தது. 2009 முதல் பராமரிப்புத் தர ஆணையம் முகமைகளைப் பதிவு செய்தும் ஆய்வு செய்தும் வருகின்றது. ஆய்வு அறிக்கைகளைப் பொதுமக்கள் படிக்கலாம். சப்பானில் 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டில், ஒவ்வொருவரின் தேவையும் நிலைகளாக மதிப்பிடப்பட்டு அதற்கேற்ப வீட்டுச் சேவை வழங்கப்படுகின்றது.

சிக்கல்கள்

எழுதப்பட்ட தரங்களைச் செயல்படுத்துவதில் மூன்று தடைகள் உள்ளன. முதலாவது, செலவு. பயிற்சியும் மேற்பார்வையும் உள்ள சேவை விலை மிக்கதாவதால், குடும்பங்கள் பயிற்சியற்றோரை அமர்த்துகின்றன. இரண்டாவது, பணியாளரின் நிலை. இப்பணியில் உள்ளோரில் பெரும்பாலோர் பெண்கள். வார விடுமுறையோ நிலையான பணியோ இல்லாத உதவியாளரிடம் இரவு முழுவதும் விழிப்பை எதிர்பார்ப்பது நோயாளிக்கும் ஆபத்தானது. மூன்றாவது, குடும்பத்தினர். கூலியின்றிப் பெரும்பகுதிப் பராமரிப்பைச் செய்பவர்கள் மனைவி, மகள், மருமகள் ஆகியோரே. புரட்டிப் படுக்க வைக்கவும், குழாயைப் பேணவும், அபாய அறிகுறிகளை அறியவும் இவர்களுக்குக் கற்பிக்கப்படாவிடில், பணியாளர் இல்லாத ஏனைய மணி நேரங்களில் எந்தத் தரமும் நடைமுறையில் இராது. ஆகவே குடும்பத்தினருக்கான பயிற்சியும், அவர்களுக்கு இடையிடையே ஓய்வளிக்கும் ஏற்பாடும் இல்லப் பராமரிப்புத் தரங்களின் பகுதியாகவே கருதப்படுகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

- மக்களைத் தேடி மருத்துவம்
- காந்திகிராமம்
- நோய் ஆதரவு சிகிச்சை
- படுக்கைப்புண்
- திண்டுக்கல் மாவட்டம்